எழுபது டிகிரி

மார்ச் 5, சாம்பல் புதன்

காலை ஆராதனைக்குப் போய்வந்தேன். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்களில் ஏதாவது ஒன்றை விடுவது வழக்கம். போன வருஷம் காப்பி. அதற்கு முந்தின வருஷம் டி.வி. இந்த வருஷம் கோபத்தை விடுவதாக ஆண்டவரிடம் பொருத்தனை செய்துவிட்டேன். ஈஸ்டர் வரைக்கும் யார்மேலும் கோபமாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரக் கூடாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஏளா, பேசாம காப்பியவே விட்டிரு. ஒனக்கும் லேசு, எனக்கும் லேசு."

இதற்கே கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். எழுதி வைக்காத எதையும் நம்புவதில்லை. அதனால் இந்த நோட்டில் தினமும் இரண்டு கட்டம் போடப்போகிறேன்: கோபம் வந்தது, வெளியே விட்டது. இரண்டாவது கட்டத்தில் கடைசிவரை சைபர் இருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம் பழையது: கை. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் நின்று மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஊசி குத்தி ரத்தத்தை எடுப்பதற்காக வலது மேற்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பேர். இடது கையில் முதலில் போட்டது ஒன்றரை வருஷத்தில் அடைத்துப்போனது. இதுவும் அடைத்தால் கழுத்தில் குழாய். அதற்கப்புறம் என்ன என்று கிட்னி டாக்டரிடம் கேட்டதற்கு, "அப்ப பாத்துக்கலாம்மா" என்றார்.

அந்தக் கையில் காதை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற இரைச்சல் கேட்கும். தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. நான் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுகிறவள். தையல் ஆறின அன்றே வீட்டு ஆர்மோனியத்தில் அந்த இரைச்சலுக்கு ஒத்த கட்டையைத் தேடிப் பிடித்து, அதை டோ, ரே, மி வரிசையின் முதல் சுரமான டோ என்று வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் கேட்டு எழுதுகிறேன்.

கை: டோ. கோபம்: 2. விட்டது: 0.

மார்ச் 6, வியாழன்

டயாலிசிஸ். மதியச் சமையலுக்கு வாழைக்காயை நறுக்கி, பொட்டாசியம் இறங்க இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரையும் கொட்டி, உப்பில்லாமல் தாளித்தேன். நானும் அதையேதான் சாப்பிடுகிறேன். இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு சமையல்? அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். என் பாட்டிலும் அவர் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எனக்குத் தாகம் அவ்வளவாக எடுப்பதில்லை.

கை: டோ. கோபம்: 1. விட்டது: 0.

மார்ச் 11, செவ்வாய்

டயாலிசிஸ் சென்டரில் பக்கத்துக் கட்டில் இசக்கிமுத்து அண்ணாச்சி. டவுனில் டீக்கடை வைத்திருக்கிறார். அவரே டீ குடிக்கக் கூடாது. "ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு நான் நாக்க நனைச்சுக்கிட்டு நிக்கேன் மைனி" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

எல்லாருக்கும் கையில் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் கிட்னி டாக்டர். நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் ஓடுகிறது என்று எந்திரம் சொல்லுமாம். அறுநூறுக்கு மேலே இருந்தால் பயமில்லை. வெள்ளிக்கிழமை ஒரே நாளில் இங்குள்ள ஒன்பது பேருக்கும்.

கை: டோ. கோபம்: 1. விட்டது: 0.

மார்ச் 14, வெள்ளி

ஸ்கேன் சென்டரில் இரண்டரை மணிநேரம் உட்கார வைத்தார்கள். எடுத்தவள் சண்முகப்பிரியா என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பெண். கையில் பசையைத் தடவி, கட்டை மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினாள். திரையில் ரத்தக் குழாய் கறுப்பு ஓடை மாதிரி தெரிந்தது. அதற்குக் குறுக்கே சாய்வாகப் புள்ளிக்கோடு. புள்ளிக்கோட்டின் நடுவே இன்னொரு சின்னக் கோடு. எந்திரத்திலிருந்து சத்தம் வந்தது. என் காதில் தினமும் கேட்கிற சத்தம் அல்ல. சளக் சளக்கென்று அலை கரையில் அடிக்கிற மாதிரி.

சின்னக் கோடு ஓடையின் போக்கில் இல்லாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு உறுத்தியது.

"அந்தக் குட்டிக் கோடு எதுக்கும்மா?"

"அதெல்லாம் சொன்னா ஒங்களுக்குப் புரியாது ஆன்ட்டி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். பொருத்தனை இல்லாவிட்டால் நடந்திருப்பதே வேறு.

ரிப்போர்ட்: நிமிஷத்துக்கு 890 மில்லி. நன்றாக இருக்கிறது. கீழே ஸ்கேன் டாக்டர் கையெழுத்து. அந்த டாக்டர் அறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

அவர் ஆட்டோவில் கையைத் தட்டிக் காட்டினார். "பாத்தியா, எண்ணூத்தி தொண்ணூறு. ஒன் ஆர்மோனியத்த வித்துப்போடலாம்."

இன்று காலை எழுதியது: ரே. நேற்றும் ரே. இரண்டு நாளாகச் சளியில் என் காதுதான் அடைத்திருக்கும்.

கோபம்: 4. விட்டது: 0.

மார்ச் 22, சனி

இசக்கிமுத்து அண்ணாச்சியின் கை அடைத்துவிட்டது. ராத்திரி தூங்கி எழுந்திருக்கிறார், துடிப்பு இல்லை. காலையில் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். பிளாஸ்திரியோடு தலையைத் திருப்ப முடியாமல் படுத்திருந்தார். இன்று அவர் ஒன்றும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அவர் மனைவி கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எண்ணூத்தி அம்பதுன்னு எழுதிக் குடுத்தாவளே மைனி. எட்டு நாளுல எப்பிடி அடைக்கும்?"

 டயாலிசிஸ் நர்ஸ் சிஸ்டர் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் எங்கள் கட்டில் எந்திரத்தில் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

கை: ரே. கோபம் எவ்வளவு என்று எண்ண முடியவில்லை. 5 என்று போட்டிருக்கிறேன். விட்டது: 0.

மார்ச் 26, புதன்

ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில் மேல்வகுப்பு இயற்பியல் புத்தகம் வாங்கினேன். நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் வட்டிக்கணக்கையும் வரவுசெலவுப் பட்டியலையும் நானே படித்துக்கொண்டவள்தான். பென்சிலோடு உட்கார்ந்தேன்.

புத்தகத்தில் ரயில்தான் உதாரணம். ரயிலைப் பற்றி எனக்குப் பாடமா? நாசரேத் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் அவர் ரயில்வே கேட்கீப்பர். கேட்டை ஒட்டித்தான் குவார்ட்டர்ஸ். ரயில் நெருங்கி வரும்போது ஹாரன் சுரம் ஏறி இருக்கும். கேட்டைத் தாண்டியதும் பொத்தென்று இறங்கும். அது கேட்டில் நிற்கிறவருக்கு. வயல் நடுவே பம்புசெட்டில் துணி துவைக்கிற எனக்கு அப்படிப் பொத்தென்று இறங்காது, மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்கும். ரயில் எனக்கு நேர் பக்கவாட்டில் வருகிற அந்த ஒரு கணம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில் அதே வேகத்தில்தான் போகிறது. நிற்கிற இடம்தான் வேறு.

ஸ்கேனும் இதேதான். அந்தக் கட்டை நமக்குக் கேட்காத ஒரு சத்தத்தை உள்ளே அனுப்புகிறது. ஓடுகிற ரத்தத்தில் பட்டு அது திரும்புகிறது. திரும்பும்போது சுரம் மாறியிருக்கிறது. எவ்வளவு மாறியது என்பதை வைத்து ரத்தத்தின் வேகம். ஆனால் கட்டை எப்போதும் குழாய்க்குச் சாய்வாகத்தான் நிற்க முடியும், பம்புசெட்டில் நிற்கிற என்னைப் போல. எவ்வளவு சாய்வு என்று எந்திரத்துக்குத் தெரியாது. ஆள்தான் சொல்ல வேண்டும்.

அதற்குத்தான் அந்தக் குட்டிக் கோடு. ஓடையின் போக்குக்கு இணையாக அதைத் திருப்பி வைத்தால் எந்திரம் கோணத்தைப் படித்துக்கொள்ளும்.

எனக்குப் புரியாதாம்.

கை: ரே. கோபம்: 3. விட்டது: 0.

மார்ச் 30, ஞாயிறு

கை: மி.

அவர் சொல்கிறார்: "நீ காத வச்சி அந்த அமுக்கு அமுக்குத. கொழாய நசுக்குனா சத்தம் கீச்சுன்னுதான் வரும்."

நியாயமான பேச்சு என்று மூன்று முறை காது படாமல், தலையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டேன். மூன்று முறையும் மி. முன்பெல்லாம் இழுத்துப் பாடுகிற மாதிரி இருக்கும். இப்போது இடையில் மூச்சு வாங்குகிறது.

சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டாக்டருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு? பாட்டுப் பிராக்டிசுக்குப் போ, நேரமாவுது."

கோபம்: 2. விட்டது: 0.

ஏப்ரல் 2, புதன்

மகள் கெசியாள் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போகும்போது விட்டுப்போன ஜியோமெட்ரி பாக்ஸ் பரணில் கிடந்தது. துருப்பிடித்த டப்பா. கோணமானி நன்றாகத்தான் இருந்தது.

ரிப்போர்ட்டோடு ஒட்டிக் கொடுத்த படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் மெல்லிய பென்சிலால் ஓடையின் போக்கைக் கோடு போட்டேன். புள்ளிக்கோட்டுக்கும் அதற்கும் இடையே அளந்தேன். நாற்பத்தைந்து. படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எந்திரம் அச்சடித்திருப்பது: எழுபது.

ஒவ்வொரு கோணத்துக்கும் புத்தகத்தின் பின்னால் ஓர் எண் இருக்கிறது. ரத்தம் கட்டையை நோக்கி நேரே வந்தால் ஒன்று. முழுப் பக்கவாட்டில் போனால் சைபர். எந்திரம் அந்த எண்ணால் வகுத்துத்தான் வேகத்தைச் சொல்கிறது. நாற்பத்தைந்துக்கு 0.707. எழுபதுக்கு 0.342. பெரிய எண்ணால் வகுக்க வேண்டியதைச் சிறிய எண்ணால் வகுத்திருக்கிறது. விடை ஊதிப் பெருத்துவிட்டது, இரண்டு மடங்குக்கும் மேலே.

890 அல்ல. 430.

சங்கக் கணக்கு போல மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை போட்டுப் பார்த்தேன். 430.

 கீரையை மூன்று தண்ணீரில் அலசினேன்.

கை: மி. கோபம்: 2. விட்டது: 0.

ஏப்ரல் 3, வியாழன்

படத்தையும் கணக்கையும் கிட்னி டாக்டரிடம் நீட்டினேன். நின்றபடியே பார்த்தார்.

"கூகுள்ல பாத்தீங்களா?"

"இல்ல டாக்டர். கோணமானி வச்சி அளந்தேன்."

கூட நின்ற சின்ன டாக்டர் சிரித்தார். பெரிய டாக்டர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஸ்கேன் டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. நெட்டப் படிச்சுட்டு நிம்மதிய கெடுத்துக்காதீங்க. கை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார் பெரியவர். கையை அவர் தொட்டே பார்க்கவில்லை.

தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. ஆண்டவரே, நீர்தான் என் நாவைக் காத்தீர், ஸ்தோத்திரம்.

கோபம்: 6. விட்டது: 0. இன்றைய சைபருக்குத்தான் மற்ற எல்லாச் சைபரையும்விடப் பெருமை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கோமதியிடம் இசக்கிமுத்து அண்ணாச்சியின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்து: எழுபது. நான் அளந்தால் ஐம்பத்திரண்டு. 850 என்று போட்டிருப்பது உள்ளபடிக்கு 470.

அடுத்த கட்டில் ரிப்போர்ட்டும் எழுபது. அதற்கடுத்ததும் எழுபது. எல்லாக் கைகளும் ஒரே சாய்வில் ஓடுமா?

கோமதியிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

என் ரத்த குரூப் ஓ. யாருக்கும் கொடுக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அவரிடம் சொன்னேன், என்னுடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. "பொம்பள ஒடம்பக் கிழிச்சு நான் உயிர் பொழைக்கணுமாக்கும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அது பழைய கோபம். இந்த லெந்துக் கணக்கில் சேராது. ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

கை: மி. கோபம்: 4. விட்டது: 0.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் நடந்தேன். பெரிய வெள்ளிக்கு நாங்கள் பாடவேண்டிய பாட்டில் ஆல்ட்டோ தனியாக எட்டு அடி. மூன்றாம் அடியில் என் குரல் நடுங்கியது. வயதாகிறது.

கை: ஃபா. துண்டு துண்டாக வருகிறது.

இதுவரை மொத்தம் வந்தது: 52. விட்டது: 0.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாலு மணிநேர டயாலிசிஸ். நடுவில் அவர் கட்டில் எந்திரம் கத்தியது. சிஸ்டர் புஷ்பம் ஓடிவந்து பொத்தானை அமுக்கி, என்னைப் பார்த்து, பார்க்காத மாதிரி போனாள். பத்து நிமிஷத்தில் மறுபடி கத்தியது. அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. தூங்கும்போது அவருக்கு வாய் லேசாகத் திறந்திருக்கும்.

புஷ்பத்தைக் கை கழுவுகிற இடத்தில் பிடித்தேன்.

"எத்தன நாளா கத்துது?"

"அக்கா, அது வந்து..."

"எத்தன நாளா?"

"மூணு வாரத்துக்கு மேலயே இருக்கும்க்கா. கை ரத்தம் தர மாட்டேங்குது. பம்பு வேகம் முந்நூறுல ஓடுனத எரநூத்தி இருபதுக்குக் கொறச்சித்தான் ஓட்டுறோம். டாக்டர்ட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். ஒங்க வீட்டு அண்ணாச்சிதான் கையெடுத்துக் கும்பிட்டாவ. ஈஸ்டர் கழியட்டும், எப்சிபா அக்காவுக்குத் தெரியவேண்டாம்னு. ரிப்போர்ட்டும் எண்ணூத்தி தொண்ணூறுன்னு இருந்துச்சா, நானும் சரின்னு..."

முதல் சத்தம் அங்கேதான் போட்டேன். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை. "கும்பிட்டா நீ கேப்பியா, ஒன் வேல கும்புடு வாங்குறதா" என்றது ஞாபகமிருக்கிறது. எல்லாக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. இசக்கிமுத்து அண்ணாச்சி மட்டும் கழுத்தைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, வீட்டுக்கு வந்து. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எதுக்கு மறைச்சிய?"

"சத்தம் போடாத எப்சி. பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும். எதுக்கு மறைச்சியன்னு கேக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி. "நீ பொருத்தன பண்ணியிருக்க. ஒரு வார்த்த கோவமா பேசமாட்டேன்னு. இதச் சொன்னா நீ சும்மா இருப்பியா? டாக்டர், சிஸ்டர், ஸ்கேன்காரன், ஒருத்தன விடமாட்ட. ஆண்டவர்ட்ட சொன்ன வாக்கு என்னால ஒடைஞ்சதுன்னு இருக்கக் கூடாதுல்லா. நாப்பது நாளுதான். தாக்குப்பிடிக்கும்னு நெனச்சேன்."

"நான் சுரம் ஏறிட்டு ஏறிட்டுன்னு சொல்லும்போதெல்லாம் காத அமுக்குதன்னு சொன்னிய."

"ஆமா. சொன்னேன்."

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எனக்கு என் கை தெரியாதாட்டி?"

என் பொருத்தனைக்காக! நான் நோட்டில் சைபர் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சைபரைக் காப்பாற்ற இவர் கையைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கத்தினேன். மூன்று வருஷத்துப் பழைய கோபமும் சேர்ந்து வந்தது. சிறுநீரகம் வேண்டாம் என்றீர்களே, என் உடம்பைப் பற்றி முடிவுசெய்ய நீங்கள் யார், இப்போது என் ஜெபத்தைப் பற்றியும் நீங்களே முடிவுசெய்தீர்களோ என்று கேட்டேன்.  பக்கத்து வீட்டில் மிக்சி நின்றது.

பிறகு முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. கோணமானியைத் தேடி எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

கை: ஃபாவுக்கும் மேலே. கோபம்: 3. விட்டது: 2.

ஏப்ரல் 16, புதன்

ஸ்கேன் சென்டர் ஒன்பது மணிக்குத் திறக்கும். எட்டேமுக்காலுக்கே அவரோடு வாசலில் நின்றேன். ஐந்து பேருடைய ரிப்போர்ட் என் கைப்பையில்.

ரிசப்ஷனில் இருந்த பையன், "டோக்கன் போடணும், டாக்டரெல்லாம் பாக்க முடியாது" என்றான். நான் சத்தம் போட ஆரம்பித்தேன். நாற்பது பேர் பாடும்போதும் கோயிலின் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு. ஆண்டவர் கொடுத்ததை இன்றைக்கு முழுதாகச் செலவுசெய்தேன். டாக்டர் தானாகவே வெளியே வந்தார்.

"என்னம்மா பிரச்சின?"

படத்தை மேசைமேல் வைத்து, அதன்மேல் கோணமானியை வைத்தேன். "அளந்து பாருங்க."

"அம்மா, இது மெடிக்கல் ரிப்போர்ட். ஸ்கூல் ஹோம்வர்க் இல்ல."

"ஹோம்வர்க்கா இருந்தா டீச்சர் முட்டை மார்க் போட்டிருப்பாவ டாக்டர். இதுல நீங்க கையெழுத்துல்லா போட்டிருக்கிய."

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. படத்தை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே பிடித்துப் பார்த்தார்.  அடுத்த ரிப்போர்ட்டைக் கேட்டார். அடுத்ததை. ஐந்தாவதைப் பார்க்கும்போது உட்கார்ந்துவிட்டார்.

"பிரியா, இங்க வா."

அந்தப் பெண் வந்தாள். ஒரு பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.  "முதல் பேஷண்ட்டுக்கு வச்ச கோணம் சார். அப்படியே இருந்திருக்கு. அன்னைக்கு மொத்தம் நாப்பத்தோரு கேஸ். நான் மதியம் சாப்பிடக்கூட எந்திரிக்கல சார்."

அவள்மேல் நான் ஒரு மாதமாக வளர்த்துவைத்திருந்த கோபம் ஒன்று உண்டு. கெசியாளின் வயதுதான் இருக்கும். அந்தக் கோபத்தையும் டாக்டர் பக்கமே திருப்பிவிட்டேன்.

"எங்க சங்கத்துக் கணக்க நான் எழுதுனா, செயலாளரம்மா ஒவ்வொரு வரியா விரல் வச்சிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாவ. கோயில் அசன விருந்துக்கு வாங்குன கத்திரிக்காய்க் கணக்குக்கே அப்படி. நீங்க ஆளோட ரத்தத்துக்குப் பாக்காமப் போட்டிருக்கிய."

டாக்டரே உள்ளே கூட்டிப்போய்த் திரும்ப எடுத்தார். இந்த முறை நான் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. குட்டிக் கோட்டை ஓடையோடு இணையாகத் திருப்பினார். ஒரு இடத்தில் ஓடை நூல் மாதிரி ஒடுங்கியிருந்தது. அங்கே கட்டையை வைத்ததும் எந்திரம் கீச்சென்று அலறியது. என் காதுக்கு அது புதிது இல்லை.

415.

புது ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, "பழச குடுத்திருங்கம்மா" என்றார்.

"குடுக்க மாட்டேன். அதுலயே தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"அதெல்லாம் வழக்கம் இல்ல."

"அன்னைக்கு எங்க சென்டர்லேருந்து வந்தது ஒம்பது பேரு. ஒருத்தர் கழுத்துல கொழாயோட கெடக்காரு. மிச்சம் இருக்க ஏழு பேருக்கும் இப்ப, என் முன்னால, போன் பண்ணி வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

இவர் என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தார். "போதும் எப்சி." நான் எழுந்திருக்கவில்லை. ஏழு பேருக்கும் போன் போனது. ஒவ்வொரு பேருக்கும் நோட்டில் டிக் போட்டேன். பழைய ரிப்போர்ட்டில் டாக்டர் 'கோணம் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அங்கிருந்து நேரே கிட்னி டாக்டர். அவர் புது ரிப்போர்ட்டைப் படித்து முடிக்கிறவரை காத்திருந்து, "இப்பவாவது கையைத் தொட்டுப் பாருங்க" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். மெதுவாக வரவில்லை. தொட்டுப் பார்த்தார். நாளைக்கே பலூன் போட்டு அடைப்பை விரிக்க ஏற்பாடு செய்தார்.

கோபம்: 4. விட்டது: 2.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கையில் ஊசி வழியாக ஒரு கம்பியை விட்டு, ஒடுங்கின இடத்தில் பலூனை ஊதி விரித்தார்கள். நாற்பது நிமிஷம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அடைத்திருக்கும் என்றார்கள். ராப்போஜன ஆராதனைக்குப் போகவில்லை.

கை: கட்டுப் போட்டிருக்கிறது. கேட்கவில்லை. கோபம்: 1. விட்டது: 0.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் கட்டைப் பிரித்தார்கள். காதை வைத்தேன். நான் வைத்ததும் அவர் மூச்சை நிறுத்திக்கொண்டார். "மூச்சு விடுங்க, கேக்கமாட்டேங்குது" என்றேன்.

டோ. நீளமாக, இடைவெளி இல்லாமல்.

கொஞ்ச நேரம் தலையை எடுக்கவில்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டது, அதனால்தான்.

கோயிலுக்குப் பிந்திப் போய்ப் பாடகர் குழுவோடு நிற்காமல் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். அந்த எட்டு அடியை வேறு யாரோ பாடினார்கள். நோட்டைத் திறந்து மொத்தம் போட்டேன். வந்தது 61. விட்டது 4. அடக்கியது 57.

விட்ட நாலுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் முழங்காலில் நின்றேன்.  அந்த நாலில் ஒரு கை பிழைத்தது. ஏழு பேர் திரும்ப ஸ்கேன் எடுத்ததில் இன்னும் இரண்டு பேருக்குப் பலூன் என்று புஷ்பம் காலையில் போனில் சொன்னாள். மார்ச் 14 அன்று அந்தப் பெண் தள்ளி உட்காரச் சொன்னபோது நான் உட்காராமல் கத்தியிருந்தால், இசக்கிமுத்து அண்ணாச்சி இன்றைக்குக் கழுத்தைத் திருப்பிக் கோமதியைப் பார்த்திருப்பார்.

அடக்கிய ஐம்பத்தேழுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

காலை ஐந்து மணி ஆராதனை. பாடினேன். வந்து உப்பில்லாத கேசரி கிண்டினேன். கேசரிக்கு உப்பு வேண்டாம் என்பதால் இன்றைக்கு ஒருநாள் எல்லாரும் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டோம்.

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். "லெந்து முடிஞ்சிட்டே. இன்னும் என்னத்த எழுதுத? கோவம் தீந்துச்சா இல்லியா?"

"தீரல."

"யார்மேல?"

"ஒங்கமேலதான்."

தலையை ஆட்டினார். தட்டில் கேசரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"சிறுநீரகம் குடுக்கதுக்குப் பொருத்தம் பாக்க நாளைக்கு டோக்கன் வாங்கியிருக்கேன். காலையில வெறும் வயித்துல போவணும். நீங்களும் வரணும்."

"என்ட்ட கேக்கவே இல்லியே."

"கேக்கல. சொல்லுதேன்."

 வலது கையை இடது கையால் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்பிடிக் கோவத்துலயா குடுக்கப் போற எப்சி?"

"ஆமா. கோவத்துலதான்."

"சரி" என்றார். "எத்தன மணிக்குக் கௌம்பணும்?"

கை: டோ.